ரோமிலிருந்து லிஸ்பனுக்கு இரண்டு மணி நேரம்

நான் செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோமுக்கும் லிஸ்பனுக்கும் இடையே விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்பதை ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்னேன். அது பிழை; எங்கள் தொழிலில் யாருக்கும் வரக்கூடியது. அந்தப் பிழையைப் பக்கத்து மேசை ஜெசிந்தா செய்ததாகத் தெரியும்படி அவருடைய கோப்பில் ஒரு வரி எழுதி வைத்தேன். அது பிழை அல்ல. அது பாவம்.

தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த பயண அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் டிக்கெட் போட்டேன். இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் ஆண்டு மலர் கொண்டுவருகிறார்கள். "உங்க காலத்துல போன்ல தட்டினா நேரம் வராதே, எப்படி சார் சமாளிச்சீங்க? ஜாலியா எழுதிக் குடுங்க" என்றார்கள். ஜாலியாகத்தான் ஆரம்பித்தேன். நான்காவது பக்கத்தில் ரோம் வந்தது. பேனா நின்றுவிட்டது.

அதற்கு முந்தைய பக்கங்களையும் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

பயிற்சிக் காலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு மாதம் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறிகளை உருப்போட்டேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து அந்த எழுத்துகள் மந்திரம் மாதிரி வெளியே கேட்கும். அப்பா ஒருநாள் கதவைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அதன் பிறகு தடித்தடியான கால அட்டவணைப் புத்தகங்கள். பிறகு கணிப்பொறி. அவ்வளவுதான்.

எங்கள் மேலாளர் வரதன் சார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பு கண்டுபிடித்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொள்வார். இவ்வளவும் முடிகிறவரை எதிரே நிற்க வேண்டும். அப்புறம், "சுவாமி, கடிகாரம் யாருது?" என்பார்.

அந்தக் கேள்விதான் எங்கள் அலுவலகத்தின் சட்டம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படுகிற ஊர்க் கடிகாரத்தின்படி இருக்கும். இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரத்தின்படி இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பறக்கும் நேரம் சொல்லக்கூடாது. நம் ஊர் ஆளுக்கு இது லேசில் மண்டையில் ஏறாது. கன்னியாகுமரியில் ஏறி காஷ்மீரில் இறங்கினாலும் நமக்கு ஒரே கடிகாரம். பத்துக்குக் கிளம்பி பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டு மணி. சின்னப் பிள்ளையிலிருந்து அப்படியே கழித்துப் பழகியவர்கள். ஆகவே வரதன் சார் ஒரு முறை வைத்திருந்தார். ஐரோப்பாவுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட்டோடு தமிழில் கையால் எழுதிய தாள் ஒன்று தர வேண்டும். அதில் தூரம், பறக்கும் நேரம், இறங்கியதும் கடிகாரத்தை முன்னே தள்ளுவதா பின்னே தள்ளுவதா என்ற மூன்றும் இருக்கும். பயணி அதை நம் எதிரிலேயே வாய்விட்டுப் படிக்க வேண்டும். வழியிலிருந்து பயணி போன் செய்தால் என்ன கேட்டார், யார் என்ன பதில் சொன்னார் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் வேடிக்கைதான். மந்தைவெளியிலிருந்து வந்த ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், லண்டனிலிருந்து பாரிஸ் போகும்போது காணாமல் போகிற ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது கொடுத்துவிடுவார்கள் என்றேன். "கொடுக்கலேன்னா யார்ட்ட கேக்கறது?" என்று எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். கோடம்பாக்கத்திலிருந்து ஒரு தயாரிப்பு நிர்வாகி வந்தார். ஒரே நாளில் காலையில் சூரிக்கிலும் மதியம் பாரிஸிலும் சாயங்காலம் வெனிஸிலும் ஒரு பாட்டை எடுத்துவிட வேண்டுமாம். முடியாது என்று விளக்கினேன். சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்து, "இன்னா மச்சி, ஒரு வெரல் தூரம்தானே கீது" என்றார். கடைசியில் மூன்று ஊரையும் சூரிக்கிலேயே எடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்தக் கணக்கில் எனக்குத் தலைக்கனம் உண்டு. திரையைப் பார்க்காமல் பதில் சொல்வேன். பிராங்பர்ட்டிலிருந்து ரோம் எவ்வளவு, வியன்னாவிலிருந்து மாட்ரிட் எவ்வளவு என்று யாராவது கேட்டால் வாயிலிருந்து உதிரும். ஐரோப்பாவின் நடுப்பகுதி முழுக்க ஒரே கடிகாரம்தான். ஆகவே அங்கே கழித்தாலும் விடை சரியாக வரும். இந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. போர்ச்சுகல் மட்டும் பக்கத்து ஸ்பெயினோடு சேராமல் லண்டன் கடிகாரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தது தேவைப்பட்ட அன்று நினைவுக்கு வரவில்லை.

ஜெசிந்தா சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர். அப்பா, அம்மா, அத்தை என்று வீடு முழுக்க ஆசிரியர்கள். இவர் மட்டும் எங்களிடம் வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவர் எழுதும் தாள்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். திருத்தலப் பயணங்கள் எல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும்.

ஒருநாள் அவர் பங்கிலிருந்தே லூர்தம்மா வந்தார். கடற்கரைக் குப்பத்தில் இருந்துகொண்டு மீன் விற்பவர். அவர் மகன் ஒரு துறவற சபையில் சேர்ந்து ரோமில் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு படிப்பை முடித்தவர்களுக்கு அங்கேயே பாதிரியாராகக் குருப்பட்டம். சபையே தாய்க்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. துணைக்குத் தங்கை மகள், ஒரு நர்ஸ். மகன் குருப்பட்டம் வரை வந்துவிட்டால், பட்டத்துக்கு முன் போர்ச்சுகலில் உள்ள பாத்திமா மாதாவின் கோயிலுக்கு வந்து முழங்காலில் நடக்கிறேன் என்று லூர்தம்மா நேர்ந்திருந்தார். ஆகவே முதலில் ரோம், அங்கிருந்து லிஸ்பன் போய் பாத்திமா, பிறகு பட்டத்தன்று காலையில் ரோமுக்குத் திரும்ப வேண்டும். பூசை மாலை நான்கு மணிக்கு. ஜெசிந்தா முதல் நாளே ரோமுக்குத் திரும்பிவிடச் சொன்னார். லூர்தம்மா கேட்கவில்லை. பாத்திமாவில் ஒன்பது நாள் என்று நேர்ந்தால் ஒன்பது நாள்தான்.

எங்கள் மேசைகளுக்கு நடுவே அந்தம்மா தாளை எழுத்துக் கூட்டிப் படித்தது இன்னும் காதில் இருக்கிறது. "ரோம்லேர்ந்து லிஸ்பன், மூணு மணி நேரம். கடியாரத்த ஒரு மணி பின்னால தள்ளணும்." படித்துவிட்டு, எங்கிட்ட கடியாரமே இல்ல, எதத் தள்றது என்று கேட்டார். நான்தான் பலமாகச் சிரித்தேன்.

பட்டத்தன்று, சென்னையில் மதியம் பன்னிரண்டேகால் இருக்கும். ஜெசிந்தா சாப்பிடப் போயிருந்தார். அதன் பிறகு விசா அலுவலகத்துக்கும் போக வேண்டிய நாள். அவர் மேசைத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். லிஸ்பன் விமான நிலையத்திலிருந்து அந்த நர்ஸ் பெண். அங்கே காலை ஏழே முக்கால். அவர்கள் ஏற வேண்டிய விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். கவுண்டரில் இரண்டு வழி சொல்கிறார்களாம். ஒன்பதேகாலுக்கு வேறொரு நிறுவனத்தின் விமானம். இப்போதே சரி என்று சொல்லி, பெட்டிகளோடு அடுத்த முனையத்துக்கு ஓட வேண்டும். இல்லையென்றால் பதினொன்றரைக்கு இதே நிறுவனத்தின் விமானம். காலைச் சாப்பாட்டுக்குச் சீட்டும் தருகிறார்கள். தாள் பெட்டிக்குள் போய்விட்டது. பெரியம்மாவுக்கு முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, ஓட முடியாது.

"பதினொன்றரைல வந்தா நாலு மணி பூசைக்குப் போயிரலாமா சார்? நீங்க சொல்றதுதான்."

எதிரே ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். என் சாமர்த்தியத்தை அவரும் பார்க்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. திரையைத் திறக்கவில்லை. போகும்போது இருந்த நேரம் ஞாபகம் வந்தது. ரோமில் பன்னிரண்டு ஐந்துக்குப் புறப்பாடு, லிஸ்பனில் இரண்டு ஐந்துக்கு இறக்கம். கழித்தேன்.

"ரெண்டே மணி நேரம்மா. ஒன்றரைக்கு ரோம்ல இருப்பீங்க. தாராளமா வாங்க" என்றேன்.

பதிவேட்டில் எழுதவில்லை. எதிரே இருந்தவருக்கு டிக்கெட் போட்டேன். சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு வேறு ஏதோ வேலையாகத் திரையைத் திறந்தபோது அந்த விமானம் கண்ணில் பட்டது. லிஸ்பனில் 11.30. ரோமில் 15.30. பறக்கும் நேரம் மூன்று மணி. ரோம் கடிகாரம் ஒரு மணி முன்னே. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூற்றைம்பது கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்கு உள்ளதைவிடக் கூடுதல். டெல்லிக்கு இரண்டேமுக்கால் மணி என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவன் நான்.

அப்போது லிஸ்பனில் மணி பத்தரை. அவர்கள் இன்னும் விமானம் ஏறவில்லை. ஒன்பதேகால் விமானம் போய்விட்டது, உண்மை. ஆனாலும் நான் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர்கள் மகனுக்குச் சொல்லியிருப்பார்கள். மகன் மேலிடத்தில் கெஞ்சி பூசையைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லியிருப்பார். அந்தப் பெண்ணின் எண் கோப்பில் இருந்தது. கோப்பு ஜெசிந்தாவின் மேசையில் இருந்தது. எழுந்து போய் கோப்பைத் திறந்தேன். எண்ணைப் பார்த்தேன். பிறகு பென்சிலை எடுத்து, பயண விவர நகலின் ஓரத்தில் ரோம், லிஸ்பன் இரண்டின் குறிகளையும் எழுதி, பக்கத்தில் 2 என்று போட்டேன். ஆங்கிலப் பெரிய எழுத்திலும் ஒற்றை இலக்கத்திலும் கையெழுத்து எங்கே தெரியப்போகிறது? கோப்பை மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு என் நாற்காலிக்கு வந்தேன்.

ரோமில் இறங்கியபோது நர்ஸ் பெண்ணின் கைக்கடிகாரத்தில் இரண்டரை. இதற்கே பதறியிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை. சிற்றாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்தார்களாம். மகன் நான்கு மணிவரை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் உள்ளே போயிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து வரதன் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நர்ஸ் பெண் போன் செய்து கொட்டித் தீர்த்துவிட்டாள் போலிருக்கிறது. கண்ணாடியைத் துடைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார்.

"போனை எடுத்தது யாரு?"

"நான்தான் சார். ஜெசிந்தா சாப்பிடப் போயிருந்தாங்க. கோப்புல என்ன இருந்துதோ அதைப் பாத்துச் சொன்னேன்."

அவர் கோப்பைத் திறந்தார். ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தார். ஜெசிந்தாவின் பக்கம் திருப்பி வைத்தார். நான் எதிர்பார்த்தது மறுப்பு. அதற்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். அது தேவைப்படவே இல்லை.

ஜெசிந்தா அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். "தாள்ல மூணுன்னுதான் சார் எழுதிக் குடுத்தேன்" என்றார். பிறகு, குரல் இறங்கி, "இதையும் நான்தான் எழுதியிருப்பேன். எப்போன்னு ஞாபகம் வரல" என்றார்.

வரதன் சார் கோபிக்கவில்லை. "நாமதான் கெடுத்துட்டோம். அவா வந்தப்புறம் ஆத்துக்கே போய்ச் சொல்லிண்டு வந்துடும்மா" என்றார். தப்புச் செய்தவர் பயணியின் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்திருந்த இன்னொரு முறை. ஜெசிந்தா குப்பத்துக்குப் போய், லூர்தம்மாவிடம் அழுதுவிட்டு வந்தார். பிறகு வெளிநாட்டு மேசை வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு ரயில் டிக்கெட் பக்கம் போனார். ஒரு வருஷத்துக்குள் வேலையையே விட்டு, ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்ந்தார். கடைசி நாளன்று என்னிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பூசையில அந்தம்மா முகத்தப் பாக்க முடியல சார். இப்பல்லாம் வேற கோயிலுக்குப் போறேன்." நான் தலையை ஆட்டினேன். அவருடைய மேசையும் எனக்கே வந்தது. சில ஆண்டுகளில் வரதன் சாரின் நாற்காலியும் வந்தது.

எத்தனையோ தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்ததுண்டு. வரதன் சார் காலமான அன்று நினைத்தேன். என் ஓய்வுநாள் விழாவில், ஒரு பிழைகூடச் செய்யாதவர் என்று ஒரு பையன் மைக்கில் சொன்னபோது நினைத்தேன். மாலையைச் சரிசெய்துகொண்டேன். மலருக்கு எழுத உட்கார்ந்து, ரோமைத் தாண்டிப் போக முடியாமல் ஒரு வாரம் கழிந்தபின், விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் முதல் மாடி. ஜெசிந்தாவுக்கும் இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. மூர்த்தி சார் என்று வாய் நிறையக் கூப்பிட்டு, காபி போட்டு, பழைய ஆட்களைப் பற்றியெல்லாம் கேட்டார். காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். பென்சில், எண், பத்தரை மணி எல்லாவற்றையும்.

அவர் முதலில் கேட்டது: "அப்போ அது நான் இல்லையா?"

"இல்லம்மா."

டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தன தடவ பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருக்கேன் தெரியுமா சார்? ஒவ்வொரு தவக்காலமும் போய் முழங்கால் போட்டு இதையேதான் சொல்வேன். ஒரு தடவ ஃபாதரே சலிச்சுப்போயி, 'அதக் கடவுள் எப்பவோ மன்னிச்சிட்டார்மா, வேற எதாவது இருந்தா சொல்லு'ன்னார்." சிரித்தார். சிரிப்பு முடியும் முன்பே முகம் மாறிவிட்டது. "எனக்கே என் மேல நம்பிக்க போயிருச்சு சார். ஸ்கூல்ல ஒரு சர்டிபிகேட் எழுதினாலும் மூணு தடவ பாப்பேன். நான் எழுதினது எனக்கே மறந்துபோகும்னு நெனச்சுத்தான் இத்தன வருஷம் இருந்திருக்கேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க. அந்தம்மாகிட்ட நான் சொன்னேன்ல? நீங்களும் வந்து சொல்லுங்க."

ஆட்டோவில் போனோம். குப்பத்தில் லூர்தம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது மீன் விற்கப் போவதில்லை. ஜெசிந்தாவைப் பார்த்ததும், "இன்னாம்மா, வழி தெரிஞ்சிதா உனுக்கு?" என்றார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பட்டம் குடுக்கசொல்ல சாமியாரு கையில எண்ணெ பூசுவாங்க. அத தொடச்ச துணிய பெத்தவளுக்குக் குடுப்பாங்க. எல்லா அம்மாவும் கோயில்ல, அத்தினி பேர் எதிர்ல வாங்கிச்சாம். எம்புள்ள அத மடிச்சி பாக்கெட்டுல வெச்சினு இருந்து, வராந்தாவுல எங்கைல குடுத்தான். குடுத்துட்டு அழுதான். நான் சாவசொல்ல பொட்டியில என்கூட வெக்கிறதுக்கு வெச்சிகிறேன் அத."

நான் மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"நைனா, இந்தப் பொண்ணு அன்னிக்கு இங்க வந்து அழுதுச்சி. மனசு கேக்கல, மன்னிச்சிட்டேன். மன்னிப்புன்னு கீறது ஒண்ணுதான். அத இவளுக்குக் குடுத்தாச்சி. இப்ப இவகிட்டேர்ந்து புடுங்கி உனுக்குக் குடுக்கவா?"

ஜெசிந்தா அந்த அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். லூர்தம்மா அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சரி, இப்ப கரீட்டா சொல்லு. பதினொன்றரைக்கு ஏறினா எப்போ எறங்குவேன்?"

சொன்னேன். மூன்று மணி நேரம் பறக்கும், ரோம் கடிகாரம் ஒரு மணி முன்னே, மூன்றரைக்கு.

"அன்னிக்கே இத சொல்லியிருந்தா முட்டி ஒடஞ்சாலும் ஒம்பதேகால் வண்டிய புடிச்சிருப்பேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். மகன் இப்போது வடக்கே ஒரு பங்கில் இருக்கிறாராம். கிறிஸ்துமஸ் முடிந்து வருவார். அவரிடமும் நானே வந்து சொல்ல வேண்டும் என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நீங்கள் போங்கள், நான் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். இரண்டடி வைத்ததும் கூப்பிட்டார்.

"மலருக்கு எழுதறேன்னு சொன்னீங்கல்ல, இதையும் எழுதுங்க. என் பேர மாத்தாதீங்க. அங்க இன்னும் நாலு பேருக்கு என்னைத் தெரியும்."

எழுதுகிறேன் என்றேன். அதோடு நடந்திருக்கலாம். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கம் விடவில்லை. "என்னை மன்னிக்க உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நேரம் ஆகும் சார்."

"எவ்வளவு..."

"அத நான் சொல்றேன்" என்றார் ஜெசிந்தா. "நீங்க கணக்குப் போடாதீங்க."